கொடி கண்ட வெங்கய்யா

விடுதலை எய்திய நாடு தனக்கெனக் கொடியொன்று கொள்ளுதல் உலக வழக்கு. அது ஒருவர் உள்ளத்தே முளைப்பினும், பலர் கைபட்டே செப்பமுறும். பாரதநாடு தன் கொடியைத் தேர்ந்த வரலாற்றைப் பிங்கலி வெங்கய்யாவின் வாழ்க்கைவழி ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

வெங்கய்யா ஆந்திர நாட்டில், மசூலிப்பட்டினத்தை அடுத்த பட்லபெனுமர்ரு என்னும் சிற்றூரில், 1876ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் பிறந்தார். இளமையில் ஆங்கிலப் படையிற் சேர்ந்து போயர் போரின்பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றவர், ஆண்டுக் காந்தியடிகளைக் கண்டார். தாயகம் மீண்டபின் பருத்தி வகைகளை ஆராய்ந்தமையால் பருத்தி வெங்கய்யா என்றும், ஜப்பானிய மொழி கற்றமையால் ஜப்பான் வெங்கய்யா என்றும் மக்கள் அவரை அழைப்பாராயினர். மசூலிப்பட்டினத்துத் தேசியக் கலாசாலையில் ஆசிரியராகவும் விளங்கினார்.

எனினும், அவர் நெஞ்சம் முழுதும் பற்றிய பொருள் கொடியே. பிறநாட்டுக் கொடிகளை ஆராய்ந்து, நம் நாட்டிற்கெனச் சற்றேறக்குறைய 30 வடிவங்கள் வகுத்து, 1916இல் நூலாக வெளியிட்டார். காங்கிரஸ் மகாசபை கூடுந்தோறும் சென்று அதனை வற்புறுத்தினார். காந்தியடிகள் அவரது விடாமுயற்சியை வியந்தாரேனும், அவ்வடிவங்களுள் ஒன்றேனும் மக்களுள்ளத்தைக் கிளர்விப்பதாக அவர்க்குத் தோன்றவில்லை. பின்னர் ஜலந்தர் நகரத்து லாலா ஹன்ஸ்ராஜ் என்பார் இராட்டையைக் கொடியிற் பொறிக்கலாம் என்றார்.

1921இல் பெஜவாடாவிற் கூடிய காங்கிரஸ் கமிட்டியின்போது, இந்துக்களுக்குச் செம்மையும் முஸ்லிம்களுக்குப் பசுமையுமாக இராட்டை பொறித்த கொடியொன்று வரைந்து தருமாறு அடிகள் வேண்டினார். வெங்கய்யா மூன்றே மணி நேரத்தில் வரைந்தளித்தார். ஆயினும், அது கமிட்டியின் முன் வைத்தற்குச் சிறிது காலந் தாழ்ந்தே வந்தது. அத்தாழ்வே நன்மையாயிற்று. ஏனைச் சமயத்தார்க்கு இடம் யாது என்று சிந்தித்த அடிகள், வெண்மையையும் சேர்ப்பித்தார்.

நிறம் சமயத்தைக் குறிக்குமாயின், ஒவ்வொரு வகுப்பினரும் தத்தம் நிறம் யாதெனக் கேட்பதியல்பன்றோ? சீக்கியர் அங்ஙனமே கேட்டனர். 1931இல் எழுவர் கொண்ட குழு காவி ஒன்றே போதுமென்றது. மகாசபை அதனை ஏற்றிலது. காவி, வெண்மை, பசுமை என்னும் மூன்றையும் கொண்டு, அவை எவ்வகுப்பையும் குறிப்பனவல்ல, தியாகமும் வாய்மையும் நம்பிக்கையும் போன்ற குணங்களையே குறிப்பன என்று அறுதியிட்டது.

1947ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22ஆம் நாள், நேருவின் தீர்மானப்படி அரசியல் நிர்ணய சபை அம்மூவண்ணத்தையே நாட்டுக்கொடியாகக் கொண்டது. இருபுறமும் ஒன்றுபோற் றோன்றவேண்டி, இராட்டைக்கு ஈடாக அசோகரது 24 ஆரச் சக்கரம் அமைந்தது.

வெங்கய்யா 1963இல் வறுமையிலேயே காலமானார். 2009இல் அவர் நினைவாக அஞ்சல் தலை வெளிவந்தது. அவர் தீட்டிய செம்மை காவியாயிற்று; இராட்டை சக்கரமாயிற்று. ஆயினும், கேட்பாரில்லாக் காலத்தே கொடி வேண்டுமென்று அலைந்த கால்கள் அவருடையன.

நம் குலத்தார்க்கு உரிய நிறம் அக்கொடியில் யாது என்று நம் சிறுவர் வினவின், தனியே ஒன்றுமில்லை, ஆதலின் மூன்றும் நம்முடையனவே என்று விடை பகர்வோமாக.