நகரத்தை ஆற்றோடு சேர்த்துப் பார்த்த பற்றிக் கெடிஸ்

எமது பிள்ளைகள் பாடசாலையில் புவியியலைத் தனித்தனி அலகுகளாகவே கற்கின்றனர். காடு, புல்வெளி, சதுப்பு நிலம் முதலான இயற்கை வலயங்கள் ஓர் அலகு. உணவு உற்பத்தி மற்றோர் அலகு. நிலப் பயன்பாடும் நகரமயமாக்கமும் வேறு அலகுகள். பரீட்சைக்காக மனனம் செய்யப்படும் இவை யாவும் உண்மையில் ஒரே பாடம் என்பதை அறிய வேண்டுமாயின் பேலியகொடைக்குச் சென்று பார்த்தாற் போதும். மலையக மரக்கறியும் கடல் மீனும் அங்கே ஒரே இடத்தில் வந்து இறங்குகின்றன. பக்கத்திலே களனி கங்கை கடலை நோக்கிச் செல்கின்றது. ஆற்றுக்கு அப்பால் தலைநகரம் நிற்கின்றது.

மலையையும் வயலையும் கடலையும் நகரத்தையும் பிரித்துப் பார்க்கலாகாது என்று ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வற்புறுத்தியவர் பற்றிக் கெடிஸ். 1921ஆம் ஆண்டில் கொழும்பு நகரின் அமைப்புப் பற்றி அறிக்கை எழுதியவரும் அவரே. கிழக்கின் பூங்கா நகரம் என்று கொழும்பைப் பெருமையுடன் குறிப்பிடும்போதெல்லாம் அவரது பெயரும் உடன் வருவது வழக்கம். ஆனால் அவரது வாழ்க்கையையும் அவர் கற்பிக்க முயன்ற பாடத்தையும் அறிந்தவர்கள் எம்மிடையே மிகச் சிலரே.

கெடிஸ் 1854ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் பலட்டர் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் படையில் பணியாற்றியவர். பேர்த் நகரின் அருகே குன்றின்மீது அமைந்திருந்த வீடும் தோட்டமுமே சிறுவனின் முதற் பள்ளியாக விளங்கின. பின்னர் இலண்டன் சென்று, அக்காலத்தில் புகழ்பெற்றிருந்த உயிரியல் அறிஞர் தோமஸ் ஹக்ஸ்லியிடம் பயின்றார். 1879இல் ஆய்வுக்காக மெக்சிக்கோ சென்றிருந்தபோது கண்பார்வை சில காலம் மங்கிப்போய், இருட்டறையில் நாட்களைக் கழிக்க வேண்டியதாயிற்று. காகிதத்தைக் கட்டங்களாக மடித்து, விரலால் தடவி, ஒரு விடயத்துக்கும் இன்னொன்றுக்கும் உள்ள தொடர்பைச் சிந்திக்கும் முறையொன்றை அந்த இருளில் அவர் உருவாக்கிக்கொண்டார். நுணுக்குக்காட்டியை நம்பியிருந்த உயிரியலாளர், தொடர்புகளை ஆராயும் சிந்தனையாளராக மாறியது அங்கேதான்.

1886இல் அன்னா மோர்ட்டன் என்னும் பெண்மணியை மணந்த அவர், எடின்பரோ நகரின் பழைய பகுதியில் இடிந்து சீரழிந்து கிடந்த குடியிருப்பொன்றிலேயே குடும்பத்துடன் சென்று குடியேறினார். வசதி படைத்தோர் கைவிட்டுச் சென்ற அத்தெருக்களில் ஏழைகளுடன் வாழ்ந்து, வீடுகளைப் பழுதுபார்த்து, வெள்ளையடித்து, வெற்றிடங்களில் செடிகளை நட்டார். சேரியை இடித்துத் தள்ளுவதன் மூலம் வறுமை ஒழிவதில்லை, அது வேறிடத்துக்குத் துரத்தப்படுகின்றது என்னும் உண்மையை அவர் வாழ்ந்து கற்றுக்கொண்டார். 1888 முதல் டண்டி பல்கலைக்கழகக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராகப் பணியாற்றிய காலத்திலும் அவரது கவனம் நகரங்களின் மீதே இருந்தது.

அவரது சிந்தனையின் மையம் ஒரு படம். மலையுச்சியிலிருந்து கடல் வரை ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கை நெடுக வெட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதை அப்படம் காட்டுகின்றது. உச்சியில் சுரங்கத் தொழிலாளியும் விறகுவெட்டியும் வேடனும், புற்சரிவில் இடையனும், கீழே உழவனும், கரையில் மீனவனும் வாழ்கின்றனர். நிலம் தொழிலைத் தீர்மானிக்கின்றது. தொழில் வாழ்க்கை முறையை உருவாக்குகின்றது. இவர்கள் அனைவரின் உழைப்பும் திரண்டு வந்து சேரும் இடமே நகரம். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என்று நிலத்தையும் அதன் மக்களையும் தொழிலையும் உணவையும் ஒன்றாக வகுத்துப் பார்த்த மரபில் வந்த தமிழ் வாசகருக்கு இக்கருத்து புதுமையாகத் தோன்றாது. அந்நிலங்களை ஓர் ஆற்றின் வழியே கோத்து, அதன் முடிவில் நகரத்தை வைத்துக் காட்டியமையே கெடிஸின் பங்களிப்பு. நகரங்கள் பெருகி ஒன்றோடொன்று கலந்துவிடும் நிலைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயரையும், 1915இல் வெளியான தமது நூலில் அவரே அறிமுகப்படுத்தினார்.

இந்தியாவுக்கான அவரது பயணம் இழப்புடனேயே தொடங்கியது. பல்லாண்டு காலம் சேகரித்த வரைபடங்களும் படங்களும் அடங்கிய நகரமைப்புக் கண்காட்சியைச் சென்னைக்கு அனுப்பிவைத்தார். அதனை ஏற்றிவந்த கப்பலை 1914இல் எம்டன் மூழ்கடித்தது. சென்னைத் துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்து, எமது பேச்சுவழக்கில் இன்றுவரை நிலைத்துவிட்ட அதே எம்டன்தான். கெடிஸ் மனந்தளரவில்லை. நண்பர்களின் உதவியுடன் புதிய கண்காட்சியைத் திரட்டி 1915இன் தொடக்கத்தில் சென்னையில் திறந்துவைத்தார். மதுரை, தஞ்சாவூர் உட்படப் பல நகரங்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார்.

அக்காலப் பொறியியலாளர்கள் நெரிசலான தெருக்களை இடித்து நேரான அகன்ற வீதிகளை அமைக்கவே விரும்பினர். நோய் பரவும் என்ற அச்சத்தில் குளங்களைத் தூர்க்கவும் முனைந்தனர். கெடிஸ் இரண்டையும் எதிர்த்தார். இடிந்த ஓரிரு வீடுகளை மட்டும் அகற்றி, காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் வழி செய்து, மக்களை அவர்களின் இடத்திலேயே வாழவிடுவதே சிக்கனமான வழி என்று கணக்கிட்டுக் காட்டினார். குளங்களைத் தூர்க்காமல் தூய்மையாக வைத்திருந்தால் மழைநீரைத் தாங்கவும் காற்றைக் குளிர்விக்கவும் அவை உதவும் என்று வாதிட்டார்.

இந்தூர் நகரில் கொள்ளைநோய் பரவியிருந்த வேளையில் அவர் கையாண்ட முறை சுவையானது. தீபாவளி ஊர்வலம் எந்தத் தெருக்கள் மிகத் தூய்மையாக உள்ளனவோ அவற்றின் வழியாகவே செல்லும் என்று அறிவித்தார். சாதி, மத வேறுபாடின்றி மக்கள் போட்டியிட்டு வீடுகளையும் தெருக்களையும் துப்புரவாக்கினர். நோயைப் பரப்பும் எலியின் உருவமும் அழுக்கு அரக்கனின் உருவமும் அவ்வூர்வலத்தில் கொண்டு செல்லப்பட்டன.

அவரது சொந்த வாழ்வின் பெருந்துயரும் இக்காலத்திலேயே நேர்ந்தது. 1917இல் மூத்த மகன் அலஸ்டெயர் பிரான்சின் போர்க்களத்தில் உயிரிழந்தார். அதே ஆண்டில் மனைவி அன்னா இந்தியாவில் நோயுற்று மறைந்தார். மகன் இறந்த செய்தியை மரணப்படுக்கையில் இருந்த தாயிடம் அவர் இறுதிவரை சொல்லவில்லை. துயரைப் பணியினுள் புதைத்துக்கொண்டு 1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல் துறைப் பொறுப்பை ஏற்றார்.

அவரது வாழ்வில் எமது வாசகர் பலர் ஏற்கத் தயங்கும் பக்கமும் உண்டு. பிரித்தானிய ஆட்சியிலிருந்த பலஸ்தீனத்தில் சியோனிச அமைப்பின் அழைப்பை ஏற்று ஜெரூசலத்தில் பல்கலைக்கழகத் திட்டமொன்றையும், 1925இல் அரபு நகரான யாஃபாவை அடுத்து வளர்ந்த டெல் அவிவ் நகருக்கான திட்டத்தையும் அவர் வரைந்தார். வாழ்பவர்களை இடம்பெயர்க்கலாகாது என்று போதித்தவரின் கைவரைபடம், பின்னாளில் பெரும் இடம்பெயர்வைக் கண்ட ஒரு மண்ணில் பயன்பட்டது வரலாற்றின் முரண். அதனை மறைத்து அவரது வாழ்வை எழுதுவது நேர்மையாகாது. 1932இல் சேர் பட்டம் பெற்ற அவர், அதே ஆண்டு ஏப்ரலில் பிரான்சின் மொன்பெலியே நகரில் காலமானார்.

கொழும்பு அவரிடமிருந்து பெற்றுக்கொண்டது என்ன? நிழல்தரும் மரவீதிகளும் பூங்காக்களும் கறுவாத்தோட்டப் பகுதியின் அழகாக நிலைத்தன. கொட்டாஞ்சேனை போன்ற வடபகுதிகளோ நெரிசலுடனேயே வளர்ந்தன. பூங்கா நகரம் என்ற பெயரை நாம் எடுத்துக்கொண்டோம். ஆற்றுப் பள்ளத்தாக்கு என்ற பாடத்தை விட்டுவிட்டோம்.

சிவனொளிபாதமலைத் தொடரில் பிறக்கும் களனி கங்கை ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடுகின்றது. மஸ்கெலியாவில் தேயிலை, கித்துல்கலையில் மழைக்காடு, யட்டியந்தோட்டையிலும் அவிசாவளையிலும் இறப்பர், அதற்குக் கீழே வயல், இறுதியில் சதுப்பு நிலமும் கடலும் என அது எமக்கென்றே வரையப்பட்ட கெடிஸின் படமாகும். தலைநகரின் குடிநீரும் இவ்வாற்றிலிருந்தே வருகின்றது. 2011இல் புறக்கோட்டை மீன் சந்தையும் 2020 நவம்பரில் மெனிங் சந்தையும் பேலியகொடைக்கு வந்து சேர்ந்தன. தமிழ், முஸ்லிம், சிங்கள வியாபாரிகளும் நாட்டாமைத் தொழிலாளரும் ஒன்றாக உழைத்துத் தலைநகருக்கு உணவூட்டும் இடம் இது.

ஆயினும் பேலியகொடை கம்பஹா மாவட்டத்தின் நகரசபை. எதிர்க்கரை கொழும்பு மாநகரசபை. நிருவாக எல்லை ஆற்றின் நடுவே ஓடுகின்றது. வெள்ளம் அந்த எல்லையை மதிப்பதில்லை. வடக்கே நீளும் முத்துராஜவெலச் சதுப்பு நிலத்தின் பெயரிலுள்ள வெல என்னும் சிங்களச் சொல் வயலைக் குறிப்பது. நீரை ஏந்திக்கொள்ளும் அத்தகைய தாழ்நிலங்கள் வீதிக்கும் களஞ்சியத்துக்கும் குடியிருப்புக்குமாகத் துண்டு துண்டாக நிரப்பப்பட்டு வந்துள்ளன. 2016 மே மாதம் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் நீரில் மூழ்கின. 2017 ஏப்ரலில் மீத்தொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தில் மண்சரிவாகவும் களனிக் கரையில் வெள்ளமாகவும் ஒரே வேளையில் தாக்கியது. மேலே தோட்டத் தொழிலாளியின் லயமும் கீழே நகரத் தொழிலாளியின் குடிசையும் ஒரே பள்ளத்தாக்கின் இரு முனைகள் என்பதை இதைவிடக் கொடிய முறையில் எவரும் கற்பிக்க முடியாது.

திட்டம் தீட்டுமுன் ஊரைக் காலால் நடந்து ஆராய வேண்டும் என்பதே கெடிஸ் விட்டுச்சென்ற விதி. கொழும்பு 2018இல் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்தக் கௌரவத்துக்கு நாம் தகுதியானவர்களாக இருக்க வேண்டுமாயின், அடுத்த துண்டுச் சதுப்பை நிரப்ப அனுமதி வழங்கும் அதிகாரி, அங்கிருந்த நீர் இனி யாருடைய வீட்டுக்குள் செல்லும் என்பதற்கு முதலில் விடை கூறியாக வேண்டும். மாநகரசபையும் நகரசபைகளும் இரு மாவட்டச் செயலகங்களும் களனிப் பள்ளத்தாக்குக்கு ஒரே நிலப் பயன்பாட்டு வரைபடத்தை முன்வைத்துப் பேச வேண்டும். ஆசிரியர்களும் தமது மாணவரைப் பேலியகொடைப் பாலத்துக்கு அழைத்துச் சென்று, மலையிலிருந்து கடல் வரையான அப்படத்தைத் தாமாகவே வரையச் செய்யலாம். நாளைய நகரத்தைத் திட்டமிடப் போகின்றவர்கள் அவர்களே.