எஞ்சினைக் கழற்றிப் பார்த்த கோவைக்காரர் ஜி.டி. நாயுடு

காக்கி புக்கிட், சின் மிங் பக்கத்துக் கார்ப் பட்டறைகளில் சனிக்கிழமை பிற்பகலில் சற்று நேரம் நின்றால், தமிழிலும் மலாயிலும் ஹொக்கியனிலும் ஒரே கேள்விதான் காதில் விழும். பத்தாண்டு முடிந்து வாகன உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்தாகிவிட்டது. வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, ஆனால் பிக்கப் போதவில்லை. பெரிய டர்போ போடலாமா, கணினியில் டியூன் செய்தால் போதுமா, எஞ்சினையே மாற்றிவிடலாமா? கேட்பவர்களில் நம் இளையர்களும் இருக்கிறார்கள். சிராங்கூன் சாலையில் குடும்பத்தை இறக்கிவிட்டு, சாப்பாட்டையும் மறந்து பட்டறைக்கு ஓடி வருபவர்கள் அவர்கள்.

இந்த ஆசைக்கு நம்மிடையே ஒரு மூத்தவர் இருக்கிறார். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் 10 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளத்தில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட மேம்பாலத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். பள்ளிப்பாடத்தில் விஞ்ஞானி என்று ஒரு வரியில் படித்துவிட்டு நாம் தாண்டிப் போகும் ஜி.டி. நாயுடுதான் அவர். அவரை விஞ்ஞானி என்பதைவிட, தமிழ்நாட்டின் முதல் பெரிய மெக்கானிக் என்று சொல்வதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் மதிப்புக் குறைவு ஒன்றும் இல்லை.

கோயம்புத்தூருக்கு அருகே உள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23ஆம் தேதி பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. பள்ளி அவருக்கு ஒட்டவில்லை. தொடக்கநிலையோடு படிப்பு நின்றுபோனது, பிறகு வயல் வேலை. இளம் வயதில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மாடோ குதிரையோ இல்லாமல் தானாக ஓடும் வண்டியை அந்த இளையர் பார்த்தது அதுதான் முதல்முறை. இங்கிலாந்தின் ரட்ஜ் நிறுவனம் செய்த வண்டி அது. பார்த்த நாளிலிருந்து தூக்கமில்லை. ஊரைவிட்டுக் கோயம்புத்தூர் வந்து உணவுக்கடையில் பரிமாறும் வேலையில் சேர்ந்து, சம்பளத்தைச் செலவழிக்காமல் சேர்த்துவைத்து, சில ஆண்டுகள் கழித்து அந்த வண்டியை வாங்கியே விட்டார்.

வாங்கியவர் என்ன செய்தார் என்பதில்தான் கதை தொடங்குகிறது. ஊரைச் சுற்றி ஓட்டிக் காட்டுவதோடு நிற்காமல், வண்டியை முழுவதுமாகக் கழற்றினார். ஒவ்வொரு பாகமும் எதற்கு என்று பார்த்தார். மறுபடி பூட்டினார். வண்டி ஓடியது.

அந்தக் காலத்து ரட்ஜ் கற்றுக்கொள்ள வாகான வண்டி. ஒரே சிலிண்டர், ஒரே பிஸ்டன். காற்றோடு பெட்ரோலைக் கலக்க ஒரு கார்பரேட்டர், தீப்பொறிக்கு ஒரு மேக்னட்டோ. பின்சக்கரத்துக்குச் சங்கிலிக்குப் பதில் பெல்ட். எல்லாமே கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். காற்று, எரிபொருள், பொறி ஆகிய மூன்றும் சரியான அளவில், சரியான நொடியில் சேர்ந்தால் எஞ்சின் இழுக்கும். இன்று நம் இளையர்கள் ஆயிரக்கணக்கில் வெள்ளி கொடுத்துச் செய்யும் எல்லா மாற்றமும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும். டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கிறது. கணினி டியூனிங் எரிபொருளின் அளவையும் பொறி விழும் நொடியையும் மாற்றுகிறது. பெரிய புகைக்குழாய் எரிந்த காற்றை விரைவாக வெளியேற்றி அடுத்த மூச்சுக்கு இடம் தருகிறது. ஒற்றைச் சிலிண்டர் வண்டியைக் கழற்றிப் பூட்டியவருக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியிருந்திருக்காது.

இடையில் பருத்தி வணிகத்தில் இறங்கிப் பணம் பார்த்தார். பிறகு பம்பாய்ச் சந்தையில் அதை இழந்தார். வெறுங்கையோடு திரும்பியவருக்குக் கை கொடுத்தவர் கோயம்புத்தூரின் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸ். அவர் கொடுத்த கடன் உதவியோடு ஒரு பேருந்து வாங்கி, 1920ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட்டத் தொடங்கினார். ஓட்டுநரும் அவரே. முருகனைப் பார்க்கப் போகும் கூட்டத்துக்குக் குறைவில்லாத தடம் அது. தைப்பூச நேரத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதைத் தேங் ரோடு கோயில் வாசலில் நின்ற எவரும் ஊகித்துக்கொள்ளலாம்.

ஒரு பேருந்து பல பேருந்துகளாகப் பெருகியது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற அந்த நிறுவனத்தை மக்கள் யுஎம்எஸ் என்றே அழைத்தார்கள். 1933ல் அதனிடம் 280 பேருந்துகள் இருந்தன. நேரம் தவறாத பேருந்து என்று பெயர் வாங்கியது யுஎம்எஸ். பயணச்சீட்டு கொடுக்க இயந்திரம் வைத்தார் நாயுடு, பயணிகள் காத்திருக்க வசதியும் செய்தார்.

இந்த 280 என்ற எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அக்காலத்துப் பெட்ரோல் எஞ்சின் இன்றைய எஞ்சின் போல ஒரு லட்சம் கிலோமீட்டர் கைவைக்காமல் ஓடாது. பெட்ரோலின் தரம் குறைவு என்பதால் சிலிண்டர் தலைக்குள் கரி படியும். அவ்வப்போது ஹெட்டை இறக்கிக் கரியைச் சுரண்ட வேண்டும், வால்வுகளைத் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். புழுதிச் சாலையில் ஓடி ஓடி சிலிண்டர் தேய்ந்தால் போர் அடித்துப் பெரிய பிஸ்டன் போட வேண்டும். வெயிலில் ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். இப்படி 280 எஞ்சின்கள். ஒன்று நின்றால் ஒரு தடத்தின் கூட்டம் முழுக்க சாலையோரத்தில் நிற்கும். மலாயாத் தோட்டங்களில் ரப்பர் லாரி ஓட்டிய நம் தாத்தாக்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகத் தெரிந்திருக்கும்.

அதனால்தான் நாயுடுவின் கவனம் வேகத்தைவிட எஞ்சினின் உடல்நலத்தின் மேல் இருந்தது. எஞ்சினின் அதிர்வை வைத்தே அதில் உள்ள கோளாறைக் கண்டுபிடிக்கும் சோதனைக் கருவி ஒன்றைச் செய்தார். நல்ல மெக்கானிக் காதை வைத்துச் செய்வதை ஒரு கருவி செய்யும்படி ஆக்கினார். ரேடியேட்டர் செய்ய யுனிவர்சல் ரேடியேட்டர்ஸ் என்று தனித் தொழிற்சாலையே அவர் குழுமத்தில் இருந்தது. மின்மோட்டாருக்குக் கம்பி சுற்ற ஒன்று, டீசல் பாகங்களுக்கு ஒன்று, கடிகாரத்துக்கு ஒன்று என்று பட்டறைகள் வளர்ந்தன.

டர்போ கேட்டு வரும் இளையர்களுக்கு அனுபவமுள்ள பட்டறைக்காரர்கள் இன்றும் சொல்வது ஏறக்குறைய இதே வரிசைதான். முதலில் சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்து பார். ஒரு சிலிண்டரில் அழுத்தம் குறைந்திருந்தால் அதற்கு மேல் எதைப் பூட்டினாலும் வீண். அடுத்து ரேடியேட்டர், ஆயில், குழாய்கள். கூடுதல் சக்தி என்றால் கூடுதல் சூடு, அந்தச் சூடு எங்காவது போயாக வேண்டும். அதற்கடுத்து பிரேக். குதிரைசக்தியைப் பற்றிப் பேச வேண்டியது இவை எல்லாம் முடிந்த பிறகு. கேட்க வந்தவருக்கு இது பிடிக்காது. ஆனால் பத்து வயதான காரில் தொடக்கத்திலேயே டர்போவைப் பெரிதாக்கி, சில மாதங்களில் எஞ்சினைத் திறந்து போட்டவர்களைக் கேட்டால் உண்மை தெரியும்.

நாயுடு 1930களில் ஐரோப்பா போனார். இங்கிலாந்தின் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தார். ஜெர்மனியில் ஹிட்லரைச் சந்தித்ததும் உண்டு. இயந்திரத்தின் மேல் உள்ள ஆர்வம் சில சமயம் மனிதர்களைப் பார்க்கும் கண்ணை மறைத்துவிடும் என்று அந்தப் பகுதியைப் படிக்கும்போது நினைத்துக்கொள்வேன். அந்தப் பயணக் காலத்தில் உருவானதுதான் ரசன்ட் என்ற மின்சாரச் சவரக் கருவி. கைக்குள் அடங்கும் சிறிய மோட்டார் அதன் உயிர்.

அதைவிடப் பெரியது 1937ல் நடந்தது. டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைக் கோயம்புத்தூர் பீளமேட்டில் உருவாக்கினார்கள். கிணற்று நீரை மாடு கட்டி இறைத்த ஊரில் மோட்டார் இறைக்கத் தொடங்கியது. இன்று கோயம்புத்தூர் என்றாலே பம்புசெட்டு என்ற பெயர் வந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆர்தர் ஹோப் என்ற சென்னை மாகாண ஆளுநரின் பெயரில் 1945ல் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்க வாரி வழங்கிய நாயுடு, அதன் முதல்வராகவும் இருந்தார். மூன்றாம் வகுப்பைத் தாண்டச் சிரமப்பட்டவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வர்! நான்காண்டுப் படிப்பு வீண், கையில் வேலை கொடுத்தால் அதில் பாதிக் காலம் போதும் என்பது அவர் கட்சி. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை. விலகிவிட்டார். அவர் சொன்னது முழுக்கச் சரி என்று சொல்லமாட்டேன். கணக்கும் இயற்பியலும் இல்லாமல் அடுத்த தலைமுறை எஞ்சின் வராது. ஆனால் ஒரு நட்டைக்கூடக் கழற்றாமல் பொறியாளராகிவிடலாம் என்ற நிலை வந்ததற்கு அவர் பொறுப்பில்லை.

அடுத்து வருவதுதான் அவர் வாழ்க்கையில் மனத்தை உறுத்தும் பகுதி. 1952ல் இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார். விலை 2,000 ரூபாய். கார் என்பது பணக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நின்ற காலம். ஆனால் இந்தியாவில் 1951ல் தொழில்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்திருந்தது. யார் என்ன தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை டெல்லிதான் தீர்மானித்தது. நாயுடுவின் காருக்கு உரிமம் கிடைக்கவில்லை. கார் அத்தோடு நின்றது. சாதாரணக் குடும்பம் வாங்கும் சிறிய காராக மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். இடையே 31 ஆண்டுகள்.

அந்த 2,000 ரூபாய்க் கார் சந்தைக்கு வந்திருந்தால் எத்தனை ஆண்டு தாங்கியிருக்கும், மலையேறியிருக்குமா என்பது வேறு விஷயம். ஓடிப் பார்த்துத் தோற்கும் வாய்ப்பே அதற்குக் கொடுக்கப்படவில்லை என்பதுதான் வருத்தம். வரி விதிப்பை எதிர்த்து, தாம் செய்த பொருள்களைப் பலர் முன்னிலையில் தாமே உடைத்த நாயுடுவின் கோபத்தை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். செய்தவரே உடைப்பதைப் பார்ப்பது யாருக்கும் எளிதாக இருந்திருக்காது.

அனுமதி என்ற சொல் நம் இளையர்களுக்கும் பழக்கமானதே. சிங்கப்பூரில் எஞ்சினை மாற்ற வேண்டுமானால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் முதலில் வேண்டும், புகைக்குழாய்க்கும் அப்படியே. பத்தாண்டைத் தாண்டிய கார் ஆண்டுதோறும் சோதனைக்குப் போயாக வேண்டும். நாயுடு பட்ட பாட்டோடு இதை ஒன்றாக வைத்துப் பேசுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒன்று, ஒருவரைப் பொருள் செய்யவே விடாத தடை. மற்றது, அதிகாலை இரண்டு மணிக்கு புளோக்கின் கீழே வெடிக்கும் புகைக்குழாய்க்கும், தூங்கும் குழந்தைக்கும் இடையே நிற்கும் விதி. வேகத்தைப் பார்க்க விரும்பும் நம்மவர்கள் பாலத்தைத் தாண்டிச் சிப்பாங் பந்தயத் தடத்துக்குப் போவது நல்ல வழக்கம்.

நாயுடு வளர்த்த பட்டறைப் பழக்கம் கோயம்புத்தூரில் அவரோடு முடியவில்லை. அதே ஊரின் எஸ். கரிவர்தன், 1980களின் பிற்பகுதியில், மாருதி 800 காரின் 796 சிசி எஞ்சினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் வைத்தார். மளிகை வாங்கப் போகும் காரின் எஞ்சினைப் பந்தயத் தடத்தில் ஓட விட்டார். பார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வண்டிகளால், வெளிநாட்டுக் கார் வாங்கப் பணமில்லாத இளையர்களும் பந்தயம் ஓட்டினார்கள். 1995ல் அவர் காலமானார். செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியது. பார்முலா ஒன் பந்தயத்தில் 2005ல் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான்.

நாயுடு 1974 ஜனவரி 4ஆம் தேதி, 80 வயதில் காலமானார். அவிநாசி சாலையில் அவர் பெயரில் உள்ள தொழில்நுட்பக் காட்சிக்கூடத்தில் அவர் செய்தவையும் சேர்த்தவையும் இருக்கின்றன. அதே வளாகத்தில் 2015ல் ஜீடி கார் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது. ஐரோப்பிய, அமெரிக்க, ஜப்பானியப் பழைய கார்கள் வரிசையாக நிற்கின்றன. கோயம்புத்தூருக்குக் கல்யாணத்துக்கோ கோயிலுக்கோ போகும் சிங்கப்பூர்க் குடும்பங்கள் அரை நாள் ஒதுக்கிப் போய்வரலாம். உணவுக்கடைச் சம்பளத்தில் வாங்கிய அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளையும் அங்கே பார்க்கலாம்.