மேற்கோள்களுக்குள் மறைந்த மருத்துவர்

செம்புலப்பெயனீரார் என்னும் புலவரின் இயற்பெயரை நாம் அறியோம். அவர் ஆண்ட உவமையே அவருக்குப் பெயராயிற்று. உயிர்வேதியியலிலும் இத்தகைய ஒருவர் உண்டு. ஆய்வுக்கூடங்களில் பல்லாண்டுகளாக ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்று வழங்கி வந்தனர். அத்தொடரின் பின்பாதியில் நிற்பவர் எவ்வூரார் என வினவியோர் மிகச் சிலரே.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்துப் பீமாவரத்தில் பிறந்தார். வறுமை சூழ்ந்த இளமை. காசிக்குச் சென்று யாத்திரிகர்க்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாம் என்று வீட்டை விட்டு ஓடிய சிறுவனைத் தேடி மீட்டு வந்தனர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் முயற்சியிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். துறவு நாடிய உள்ளத்தைத் தாயின் மறுப்பு மருத்துவத்தின்பால் திருப்பியது. சென்னை மருத்துவக் கல்லூரியிலோ கதர் அணிந்த குற்றத்துக்காக ஆங்கிலேயப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்துக்கு மாறாக எல்.எம்.எஸ். சான்றிதழே கிட்டியது. தமையனும் தம்பியும் அடுத்தடுத்துக் குடல்நோயால் மாண்டமை அவர் நெஞ்சில் ஆறாப் புண்ணாயிற்று. 1923-இல், இளம் மனைவி சேஷகிரியை ஊரில் விட்டு, மாமனாரின் பொருளுதவியோடு பாஸ்டன் நகர் சேர்ந்தார். பின்னர் அவர் தாயகம் மீளவே இல்லை.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. இரத்தத்திலும் சிறுநீரிலும் உள்ள பாஸ்பரசை அளவிடும் வழியொன்றை இருவரும் 1925-இல் வெளியிட்டனர். மாலிப்டேட் சேர்த்துத் தக்க வேதிப்பொருளால் ஒடுக்கினால் கரைசல் நீலமாகும். நீலத்தின் அடர்த்தியே பாஸ்பரசின் அளவைச் சொல்லிவிடும். இவ்வளவு எளிய செய்தி! 1960-களில் யூஜின் கார்ஃபீல்டு அறிவியல் மேற்கோள் அட்டவணையைத் தொடங்கி, எந்தக் கட்டுரையை எத்தனை பேர் எடுத்தாண்டனர் என்று எண்ணத் தலைப்பட்டபோது, நாற்பதாண்டு கடந்த இக்கட்டுரை முன்வரிசையில் நின்றது. பல்லாயிரம் ஆய்வாளர் அதைச் சுட்டியிருந்தனர்.

ஆயினும் மேற்கோளின் எண்ணிக்கை ஒருவரது பெருமைக்கு உரிய அளவுகோலாகுமா என்னும் ஐயம் இவர் வாழ்வை நோக்குவார்க்கு எழாமற் போகாது. 1927-இல் இருவரும் தசையில் பாஸ்போகிரியேட்டின் இருப்பை நிறுவினர். நோபல் பரிசு பெற்றிருந்த லாக்டிக் அமிலக் கொள்கையின் அடித்தளமே இதனால் ஆட்டங்கண்டது. 1929-இல் உயிர்களின் ஆற்றல் நாணயமாகிய ஏ.டி.பி.யைப் பிரித்தறிந்தனர். அதே ஆண்டில் ஜெர்மனியின் கார்ல் லோமானும் அதனைக் கண்டறிந்தமையால் புகழின் பெரும்பங்கு அவர்பாற் சென்றது. இன்று ஏ.டி.பி. பற்றி எழுதுவோர் எவரையும் சுட்டுவதில்லை. பாடநூலில் ஏறிவிட்ட உண்மைக்கு அடிக்குறிப்பு ஏது? ஃபிஸ்க்கின் மாணவராயிருந்து 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்க்கின் பொறாமையால் வெளிவராமற் போய், பிறரால் மீண்டும் கண்டறியப்பட வேண்டியதாயிற்று என்று பிற்காலத்தில் தெரிவித்தார். அச்சேறாத தாளை எந்த அட்டவணை எண்ணும்?

ஹார்வர்டில் நிலையான பதவி வாய்க்காமையால் 1940-இல் லெடர்லே ஆய்வுக்கூடத்துக்குப் பெயர்ந்தார். அங்கு அவர் தலைமையில் நிகழ்ந்தவை பல. 1945-இல் ஃபோலிக் அமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. அக்கட்டுரையில் அவர் பெயர் பல பெயர்களுள் ஒன்று. யானைக்கால் நோய்க்கு இன்றும் வழங்கப்படும் டையெத்தில்கார்பமசைன் 1947-இல் வெளிவந்தது. பெஞ்சமின் டக்கர் கண்ட ஆரியோமைசின் 1948-இல் உலகுக்கு அறிமுகமாயிற்று. அவ்வாண்டே சிட்னி ஃபார்பர், இவர்தம் கூடத்தில் உருவான அமினாப்டெரினைக் கொண்டு இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்குத் தற்காலிக நலம் கண்டதை எழுதினார். அக்கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் சுப்பாராவ் இல்லை.

1948 ஆகஸ்டில் ஓர் இரவு உறங்கியவர் எழவில்லை. அகவை 53. அமெரிக்கக் குடியுரிமையை இறுதிவரை அவர் பெற்றிருக்கவில்லை. 1953-இல் புதிதாக விவரிக்கப்பட்ட பூஞ்சை இனமொன்றுக்குச் சுப்பாரோமைசிஸ் ஸ்பிளெண்டென்ஸ் எனப் பெயரிட்டனர். தாயகம் அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது 1995-இல், அவர் பிறந்து நூறாண்டு நிறைந்தபோது.