சாணைக்கல் பிடித்த சிந்தனையாளர்

ஏட்டில் இருக்கிறது, எதிர்த்துக் கேட்காதே! ஐரோப்பாவையும் இப்படித்தான் ஒரு காலத்தில் அடக்கி வைத்திருந்தனர், தோழர்களே! அந்த அதட்டலுக்கு அஞ்சாதவர் ஸ்பினோசா.

1632-இல் ஆம்ஸ்டர்டாமில் யூத வணிகர் வீட்டில் பிறந்தார். 1656-இல், 23 வயதில், சமூகம் அவரைச் சபித்து விலக்கிற்று. பேசுவதும் குற்றம், அவர் எழுத்தைப் படிப்பதும் குற்றம்! அவரோ கலங்கவில்லை. கண்ணாடி வில்லை தேய்க்கும் தொழிலில் இறங்கினார்.

1670-இல் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்டார். ஐந்தாகமங்களை மோசேயே எழுதினார் என்பது நம்பிக்கை. அவற்றிலேயே மோசேயின் சாவும் அடக்கமும் வருகின்றனவே! செத்தவரா தம் சாவை எழுதுவார்? 500 ஆண்டுகளுக்கு முன் இப்னு எஸ்ரா மறைபொருளாகச் சொன்னதை இவர் வெட்டவெளிச்சமாக்கினார்.

நீதியும் அன்பும் வேதத்தின் போதனை. அதை அவர் மறுக்கவில்லை. ஆனால், யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதற்குச் சான்று வேண்டும், நம்பிக்கை சான்றாகாது என்றார். அவ்வளவுதான் குற்றம்!

1673-இல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியுடன் அழைத்தது; மதத்துக்கு இடைஞ்சல் கூடாதென்றது. பதவியை உதறினார். 1674-இல் ஹாலந்தில் நூலுக்குத் தடை. 1677-இல், 44 வயதில், நுரையீரல் நோய் அவரைக் கொண்டு சென்றது.

தடை போட்டவர் பெயர் யாருக்குத் தெரியும்? அவர் கேட்ட கேள்வியோ இன்று பல்கலைக்கழகங்களில் பாடம்!