கைரேகையைப் பாடமாக்கிய போலீஸ் அதிகாரி... யார் இந்த எட்வர்ட் ஹென்றி?

ஒரு வீட்டில் திருட்டு நடந்தால் போலீசோடு சேர்ந்து சின்ன பெட்டியுடன் இன்னொரு குழுவும் வரும். பவுடர் தூவி, பிரஷ்ஷால் மெல்லத் தடவி, பீரோ கைப்பிடியில் ஒட்டியிருக்கும் ரேகையை எடுப்பார்கள். அவர்கள்தான் விரல்ரேகைப் பிரிவினர். இந்த வேலையைச் சும்மா யாரும் செய்துவிட முடியாது. பயிற்சி வேண்டும், தேர்வில் தேற வேண்டும், அதன் பிறகுதான் நிபுணர் என்ற தகுதியோடு கோர்ட்டில் கருத்து சொல்ல முடியும்.

இந்த ஏற்பாட்டின் வேர் கொல்கத்தாவில் இருக்கிறது. அதை நட்டவர் எட்வர்ட் ரிச்சர்ட் ஹென்றி. உலகம் முழுக்க பல நாட்டு போலீசார் பல பத்தாண்டுகள் பயன்படுத்தியது 'ஹென்றி முறை'யைத்தான். ஆனா விரல்ரேகையைக் கண்டுபிடித்தவர் அவர் கிடையாது. அந்த முறைக்குப் பின்னால் இருக்கும் கணக்கும் முழுக்க அவருடையது கிடையாது. அப்புறம் எப்படி அவர் பெயர் நிலைத்தது?

லண்டன் கிளார்க், வங்காள ஐ.ஜி.

1850-ல் லண்டனின் ஷாட்வெல் பகுதியில் பிறந்தவர் ஹென்றி. அப்பா அயர்லாந்துக்காரர், டாக்டர். 16 வயதிலேயே லாயிட்ஸ் இன்சூரன்ஸ் நிறுவனத்தில் கிளார்க் வேலைக்குப் போனார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு. அப்படியே படித்து ஐ.சி.எஸ். தேர்வில் தேறி, 1873-ல் வங்காளத்துக்கு வந்தார். வருவாய்த்துறையில் பல பொறுப்புகளைப் பார்த்தபின், 1891-ல் வங்காள மாகாண போலீஸ் ஐ.ஜி. ஆனார்.

அப்போது போலீசுக்கு ஒரு பெரிய தலைவலி இருந்தது. பழைய குற்றவாளி வேறு பெயரைச் சொல்லிக்கொண்டு வந்து நின்றால், அவன்தான் இவன் என்று எப்படி நிரூபிப்பது? பிரான்ஸின் பெர்ட்டியோன் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். தலையின் நீளம், அகலம், கை, கால், விரல் என்று உடம்பை அளந்து அட்டையில் குறித்து வைப்பதுதான் அந்த வழி. வங்காளத்திலும் அதைத்தான் பின்பற்றினார்கள்.

சிக்கல் எங்கே என்றால், ஒரே ஆளை இரண்டு பேர் அளந்தால் இரண்டு விதமான அளவு வந்தது. கருவி கொஞ்சம் தேய்ந்தாலும் கணக்கு மாறியது. அளப்பவர்களுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் பிழை போகவில்லை.

கைநாட்டில் இருந்த விடை

விரல்ரேகை அன்றைய வங்காளத்துக்குப் புதிதில்லை. ஹூக்ளி பகுதியில் பணியாற்றிய வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி, 1858-லேயே ஒரு ஒப்பந்தத்தில் கைப்பதிவு வாங்கியிருந்தார். ஜப்பானில் பணிபுரிந்த ஸ்காட்லாந்து டாக்டர் ஹென்றி ஃபால்ட்ஸ், ரேகையை வைத்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்று 1880-ல் எழுதினார். லண்டனில் பிரான்சிஸ் கால்டன் 1892-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார்.

எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: ரேகை ஆளுக்கு ஆள் வேறு, சாகும்வரை மாறாது. ஆனா போலீஸ் ஸ்டேஷனில் வரும் கேள்வி வேறு. ஆயிரக்கணக்கான அட்டைகள் குவிந்து கிடக்கும்போது, இந்த ஆளின் அட்டையை எப்படித் தேடி எடுப்பது? பெயரை வைத்து அடுக்கினால் பயனில்லை, ஏனென்றால் அவன் சொல்வதே பொய்ப்பெயர்.

1894-ல் லண்டன் போன ஹென்றி, கால்டனை நேரில் சந்தித்தார். 1896-ல் வங்காள போலீசார் உடல் அளவோடு பத்து விரல் பதிவையும் எடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். அட்டைகளை அடுக்கும் வழியைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு கொல்கத்தா அலுவலகத்தில் இருந்த இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்களிடம் போனது. ஒருவர் அசிசுல் ஹக், கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் படித்தவர். இன்னொருவர் ஹேம் சந்திர போஸ்.

1024 அறைகள் கொண்ட அலமாரி

அவர்கள் கொண்டுவந்த வழி ரொம்ப எளிமையானது. குளத்தில் கல் போட்டால் வட்டம் வட்டமாக அலை வரும் அல்லவா, அதுபோன்ற ரேகைக்குப் பெயர் சுழி. பத்து விரலையும் வலது கட்டைவிரலில் தொடங்கி வரிசையாக ஐந்து ஜோடியாகப் பிரிக்க வேண்டும். முதல் ஜோடியில் சுழி இருந்தால் விரலுக்கு 16, அடுத்த ஜோடிக்கு 8, பிறகு 4, 2, 1. சுழி இல்லாத விரலுக்குப் பூஜ்யம்.

ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரலை மேலேயும் ஒரு விரலைக் கீழேயும் தனித்தனியாகக் கூட்டி, இரண்டிலும் ஒன்றைச் சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். ஒரு விரலில்கூட சுழி இல்லாதவருக்கு ஒன்றின் கீழ் ஒன்று. பத்திலும் சுழி இருப்பவருக்கு 32-ன் கீழ் 32. ஆக, 32 வரிசை, 32 பத்தி, மொத்தம் 1024 அறைகள். அட்டையின் எண்ணைப் பார்த்தால் நேராக அந்த அறைக்குப் போய்விடலாம். அவ்வளவுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க அரசு ஒரு குழுவை அமைத்தது. குழு திருப்தி தெரிவித்ததும், 1897 ஜூனில் உடல் அளவு முறையைக் கைவிட்டு விரல்ரேகைக்கு மாற கவர்னர் ஜெனரல் ஒப்புதல் கொடுத்தார். உலகின் முதல் விரல்ரேகைப் பணியகம் என்று பரவலாகக் குறிப்பிடப்படும் அலுவலகம் கொல்கத்தாவில் உருவானது இப்படித்தான்.

பஞ்சாங்கத்தில் ஒரு ரத்தக் கறை

அதே 1897-ல் ஜல்பைகுரி பகுதியில் தேயிலைத் தோட்ட மேனேஜர் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய பெட்டியில் இருந்த வங்காளப் பஞ்சாங்கத்தில் ரத்தம் தோய்ந்த விரல் பதிவு இருந்தது. கொல்கத்தா அலமாரியில் தேடியபோது, முன்பு அவரிடம் திருடி ஜெயிலுக்குப் போன பழைய வேலைக்காரரின் அட்டையோடு அது பொருந்தியது. கோர்ட் என்ன செய்தது? திருட்டுக்கு மட்டும் தண்டனை கொடுத்தது. கொலையை நிரூபிக்க அந்தப் பதிவு மட்டும் போதாது என்று விட்டுவிட்டது.

அடுத்து 1899-ல் இந்திய சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. விரல்ரேகை குறித்து நிபுணரின் கருத்தைக் கோர்ட் ஏற்கலாம் என்று ஆனது. இனி ரேகை மட்டும் போதாது, அதைப் படிக்கத் தெரிந்த ஆளும் வேண்டும்.

ஸ்காட்லாந்து யார்டில் பள்ளிக்கூடம்

1900-ல் ஹென்றியின் புத்தகம் வெளிவந்தது. மை எப்படித் தடவுவது, விரலை எப்படி உருட்டுவது, ரேகையை எப்படி எண்ணுவது என்று படிப்படியாகச் சொல்லும் பாடப்புத்தகம் அது. மறு ஆண்டே லண்டன் போலீசில் உதவி கமிஷனராக அழைக்கப்பட்ட அவர், 1901 ஜூலையில் ஸ்காட்லாந்து யார்டில் விரல்ரேகைப் பிரிவைத் தொடங்கினார்.

அங்கே பயிற்சி பெற்றவர்களில் ஒருவர் சார்லஸ் காலின்ஸ். 1902-ல், புதிதாகப் பெயின்ட் அடித்த ஜன்னலில் பதிந்த கட்டைவிரல் பதிவை வைத்து ஒரு திருடனுக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்தது அவருடைய சாட்சியம். 1905-ல் டெட்ஃபோர்டில் ஒரு கடைக்காரத் தம்பதி கொல்லப்பட்ட வழக்கில், பணப்பெட்டியில் இருந்த ஒரே ஒரு பதிவு இரண்டு சகோதரர்களைத் தூக்குமேடை வரை கொண்டுபோனது. விரலை அழுத்துவதைப் பொறுத்துப் பதிவு எப்படி மாறும் என்பதை ஜூரிகளின் விரலையே வைத்து காலின்ஸ் விளக்கினார். ஒற்றைப் பதிவை நம்பித் தண்டிப்பது ஆபத்து என்று கருதிய ஃபால்ட்ஸ் எதிர்த்தரப்புக்கு உதவியாக அந்தக் கோர்ட்டில் இருந்தார். ஆனா அவரை யாரும் சாட்சிக் கூண்டுக்கு அழைக்கவில்லை.

ஒருவர் கற்றதை இன்னொருவருக்குச் சொல்லித்தர முடிந்ததுதான் ஹென்றி முறையின் பலம். 1904-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்கு அரச நகைகளைக் காவல் காக்கப் போன ஜான் ஃபெரியர் என்ற ஸ்காட்லாந்து யார்டு அதிகாரி, அங்கே வந்த போலீசாருக்கு ரேகைப் பாடம் நடத்தினார். அவரிடம் கற்ற எட்வர்ட் ஃபாஸ்டர்தான் பின்னர் கனடாவின் விரல்ரேகைப் பணியகத்தை உருவாக்கினார்.

புத்தகத்தில் இல்லாத பெயர்கள்

முறைக்கு ஹென்றியின் பெயர் ஒட்டிக்கொண்டது. அலமாரிக்குக் கணக்குப் போட்ட ஹக்கும் போஸும் மறைந்துபோனார்கள். பல ஆண்டுகள் கழித்து ஹக்குக்கு கான் பகதூர் பட்டமும் போஸுக்கு ராய் பகதூர் பட்டமும், ஆளுக்கு 5,000 ரூபாய் வெகுமதியும் கிடைத்தன. 1926-ல் ஹென்றியே இந்தியா ஆபீசுக்கு எழுதிய கடிதத்தில், வகைப்பாட்டை முழுமையாக்கியதில் தன் ஊழியர்களிலேயே ஹக்கின் பங்குதான் பெரியது என்று ஒப்புக்கொண்டார். அதற்குள் புத்தகம் வந்து கால் நூற்றாண்டு ஓடிவிட்டது. பின்னாளில் பிரிட்டனின் விரல்ரேகை நிபுணர்கள் சங்கம் இருவர் பெயரிலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது.

கமிஷனரின் கடைசி நாட்கள்

1903-ல் லண்டன் போலீஸ் கமிஷனர் ஆனார் ஹென்றி. 1912-ல் டிரைவர் லைசென்ஸ் மறுக்கப்பட்ட ஒருவர் அவரை வீட்டு வாசலிலேயே சுட்டார். உயிர் பிழைத்த ஹென்றி, சுட்டவருக்காகவே கோர்ட்டில் கருணை கேட்டார். அந்த ஆள் விடுதலையானதும் கனடா போக கப்பல் செலவையும் அவரே கொடுத்தார். 1918-ல் லண்டன் போலீசார் வேலைநிறுத்தம் செய்ய, பதவியை விட்டு விலகினார். 1931 பிப்ரவரியில் ஆஸ்காட்டில் காலமானார்.

இன்று 1024 அறை அலமாரியின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துவிட்டது. இந்தியாவில் 2022 முதல் 'நாஃபிஸ்' என்ற தேசிய தானியங்கி அமைப்பு இருக்கிறது. ஆனா கம்ப்யூட்டர் தருவது சாத்தியமுள்ளவர்களின் பட்டியல்தான். இது அவருடைய ரேகைதான் என்று முடிவு சொல்வது பயிற்சி பெற்ற மனிதர்.

அந்த மனிதரும் தவறலாம். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில், அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிபுணர்கள் ஒரு பதிவைத் தப்பாகப் படித்து, சம்பந்தமே இல்லாத ஒரு வழக்கறிஞரைக் காவலில் வைத்தார்கள். ஸ்பெயின் போலீஸ் உண்மையான ஆளைக் கண்டுபிடித்த பிறகுதான் மன்னிப்புக் கேட்டார்கள். விரல்ரேகை நிபுணர்கள் பணியில் சேர்ந்த பிறகும் பயிற்சிக்குப் போவதும், ஒருவர் சொன்ன முடிவை இன்னொருவர் தனியாகச் சரிபார்ப்பதும் இதனால்தான்.

ஹென்றியின் கல்லறை ஆஸ்காட்டில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1990-களில் அதைத் தேடிக் கண்டுபிடித்து, செப்பனிட்டுக் கொடுத்தவர்கள் யார் தெரியுமா? விரல்ரேகை நிபுணர்கள்தான்.