வஸுவின் சரித்திரம் மேடை ஏறட்டும்

நாடகம் வெறும் பொழுதுபோக்கன்று என்பதைத் தமிழ்நாடு தன் அநுபவத்தால் அறிந்திருக்கிறது. விசுவநாத தாஸ் முருகன் வேடம் பூண்டு நின்று தேசீய கீதங்களைப் பாடியதற்காகச் சிறை புகுந்தார். தெ. பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் ‘கதரின் வெற்றி’ இராட்டையின் பெருமையை நாடகக் கொட்டகைக்குள் கொண்டு வந்தது. 1932 ஜனவரியில் கொடி காத்துக் குமரன் உயிர் நீத்த திருப்பூருக்கு இதை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அந்நகரத்து மேடைகளில் இன்று ஏறத் தக்கதொரு சரித்திரம் வங்க விஞ்ஞானி ஜகதீச சந்திர வஸுவினுடையது.

வஸு 1858 நவம்பர் 30-ம் தேதி கிழக்கு வங்காளத்தில் பிறந்தார். தந்தை பகவான் சந்திரர் சர்க்கார் உத்தியோகஸ்தர். அக்காலத்து உத்தியோகஸ்தர்கள் தம் மக்களை இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்புவதையே கௌரவமாக எண்ணினர். பகவான் சந்திரரோ மகனை வங்காளிப் பாஷைப் பள்ளியில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கத்தில் முஸ்லிம் சேவகர் மகனும், மறு பக்கத்தில் செம்படவர் மகனும் அமர்ந்திருக்க, நடுவே அமர்ந்து ஜகதீசர் கல்வி பயின்றார். தோழர்கள் வீட்டுக்கு வந்தால் தாயார் யாதொரு பேதமுமின்றி எல்லோருக்கும் அன்னமிட்டார். செடிகொடிகளிடத்தும் மீன்களிடத்தும் ஆசை பிறந்தது அத்தோழர்கள் சொன்ன கதைகளால்தான்.

அப்பருவத்திலேயே நாடகமும் அவருள்ளத்தில் புகுந்தது. வங்கக் கிராமங்களில் நடைபெறும் ‘யாத்ரா’ நம்முடைய தெருக்கூத்துக்கு உடன்பிறப்பு. பாரதக் கதையை அதில் கண்ட சிறுவனின் மனத்தைக் கவர்ந்தவன் வெற்றி பெற்ற அர்ச்சுனனல்லன். பிறப்பால் இகழப்பட்டும், தோல்வி நிச்சயமென்று தெரிந்தும் போரிட்ட கர்ணனே. கர்ண மோட்சக் கூத்தை விடிய விடியக் கண்டு கண்ணீர் உகுத்த நம் மக்களுக்கு அம்மனம் புரியாததன்று.

கல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துத் திரும்பிய வஸுவுக்கு 1885-ல் கல்கத்தா ராஜதானிக் கல்லூரியில் பௌதிக ஆசிரியர் பதவி கிடைத்தது. வெள்ளையர் பெறும் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கே இந்தியருக்கு என்பது அந்நாளைய விதி. தற்காலிக நியமனம் என்று சொல்லி அதிலும் பாதியையே அவருக்கு அளிக்க முன்வந்தனர். வஸு வேலையை விடவில்லை, கூச்சலிடவுமில்லை. ஒரு நாளும் தவறாமல் பாடம் சொல்லிக் கொடுத்தார். சம்பளத்தை மட்டும் கையால் தொட மறுத்தார். மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. தந்தையாரோ பல முயற்சிகளில் நஷ்டமடைந்து கடனில் மூழ்கியிருந்தார். 1887-ல் அவர் கைப்பிடித்த அபலா அம்மையார் நமது சென்னையில் வைத்தியம் படித்தவர்; வறுமையை முகங்கோணாமல் பகிர்ந்து கொண்டார். முடிவில் சர்க்கார் பணிந்தது. மூன்று ஆண்டின் முழுச் சம்பளமும் மொத்தமாக வந்தது. தந்தையின் கடன் தீர்க்க அது உதவியது. சத்தியாக்கிரகம் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே நடந்த சத்தியாக்கிரகம் இது.

ஆராய்ச்சிக்குக் கல்லூரியில் வசதி இல்லை. உள்ளூர்த் தகரக் கொல்லரைத் துணைக்கொண்டு அவரே கருவிகளைச் செய்தார். ஹெர்ட்ஸ் கண்டறிந்த மின்சார அலைகள் நீளமானவை. வஸு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் அளவுக்கு அவற்றைக் குறுக்கி, ஒளிக்குரிய குணங்கள் அவற்றுக்கும் உண்டென்று சிறு கருவிகளாலேயே காட்டினார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில், கம்பியின்றிச் சுவர்களை ஊடுருவிய அவ்வலைகள் தூரத்திலிருந்த மணியை ஒலிப்பித்தன, வெடிமருந்தைக் கொளுத்தின. 1897-ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் அவர் சொற்பொழிவாற்றினார். 1899-ல் ராயல் சொசைட்டிக்கு அறிவித்த பாதரசக் கருவியின் வழிவந்ததே 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடல் கடந்த செய்தியைக் கேட்ட கருவி என்று பிற்கால ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியிருக்கின்றனர். விஞ்ஞானத்தை விலைபேச விரும்பாத வஸு, நண்பர்களின் வற்புறுத்தலால் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றார். 1904-ல் கிடைத்த அதைக் கொண்டும் லாபம் தேடவில்லை. தியாகமா, நஷ்டமா என்பதை வியாபாரம் அறிந்த திருப்பூர்ச் சபையே தீர்மானிக்கட்டும். நாடகம் அதை மறைக்கலாகாது.

பின்னர் அவர் செடிகளை ஆராய்ந்தார். அவற்றின் வளர்ச்சியைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். ஆங்கில உடலியல் பண்டிதர்கள் எதிர்த்தனர். ஒரு கட்டுரை அச்சேறாமல் கிடப்பில் போடப்பட்டது. செடிகளுள் மின்சாரச் செய்தி ஓடுவதை இன்றைய விஞ்ஞானம் ஒப்புகிறது. அவர் கூறியவை அனைத்தையும் ஒப்பவில்லை. இதையும் ஒளிக்க வேண்டுவதில்லை. தோல்விக்கு அஞ்சாமையே கர்ணனிடம் அவர் கற்ற பாடம். 1917 நவம்பர் 30-ல் தம் பெயர் தாங்கிய ஆராய்ச்சிக் கோயிலைக் கல்கத்தாவில் நிறுவினார். 1920-ல் ராயல் சொசைட்டி அவரை அங்கத்தினராக ஏற்றது. 1937 நவம்பர் 23-ல் கிரிதியில் காலமானார்.

அந்தக் கிரிதி இன்று ஜார்க்கண்டைச் சேர்ந்தது. ஜார்க்கண்டிலிருந்தும் வங்கத்திலிருந்தும் பிஹாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த எத்தனையோ இளைஞர்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் கை உழைப்பை ஏற்றுக்கொள்ளும் நாம், பெயர் கேளாமல் ‘வடக்கத்தியான்’ என்று ஒரே சொல்லில் ஒதுக்குகிறோம். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய பொய் வதந்தி எத்தகைய பீதியை விளைத்தது என்பதை நாடு கண்டது. ஒருவரையொருவர் அறியாத இடத்தில்தான் வதந்தி வேர் கொள்ளும்.

ஆதலால் திருப்பூர் வாலிபர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் பள்ளிகளும் வரும் நவம்பர் 30-க்கு இந்நாடகத்தை ஆயத்தம் செய்யட்டும். தமிழ் இளைஞர் வஸுவாகட்டும். வங்கத் தொழிலாளி யாத்ராக் கர்ணனாகி அவன் பாஷையிலேயே பாடட்டும். மூன்று பிள்ளைகள் ஒரே வரிசையில் அமர்ந்து படித்த அப்பள்ளிக்கூடமே முதற் காட்சியாகட்டும். சபையிலும் அவ்வாறே அமர்வோமாயின், நாடகம் தன் பயனை அடைந்ததாகும்.