பை-பாஸுக்குப் பிறகு தடுமாறும் இதயம்... முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் குட்டி மேடு! - வில்லெம் ஐந்தோவன் கதை

உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது பை-பாஸ் ஆபரேஷன் நடந்திருக்கிறதா? அப்படியென்றால் இந்தப் பதற்றம் உங்களுக்குப் புதுசாக இருக்காது. ஆபரேஷன் சக்சஸ், ஆளும் நன்றாகப் பேசுகிறார். இரண்டாவது, மூன்றாவது நாளில் திடீரென மானிட்டரில் துடிப்பு தாறுமாறாக ஓடும். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். இதன் பெயர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பை-பாஸ் செய்துகொண்டவர்களில் 100-க்கு 20 முதல் 40 பேருக்கு இது வருகிறது. பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால், நடுங்கும் அறைக்குள் ரத்தம் தேங்கி உறைந்துவிட்டால் ஸ்ட்ரோக் வரை கொண்டுபோய்விடும்.

அதனால்தான் யாருக்கு இது வரும் என ஆபரேஷனுக்கு முன்பே கணிக்க டாக்டர்கள் மெனக்கெடுகிறார்கள். வயதைப் பார்ப்பார்கள், இடது மேலறை பெரிதாகியிருக்கிறதா எனப் பார்ப்பார்கள். கூடவே ஈ.சி.ஜி பேப்பரில் ஒரு குட்டி மேட்டையும் பார்ப்பார்கள். அந்த மேட்டுக்குப் பெயர் வைத்தவர் வில்லெம் ஐந்தோவன். பை-பாஸ் என்ற ஆபரேஷனே வருவதற்குப் பல வருடங்கள் முன்பே இறந்துபோனவர்!

1860-ல் ஜாவா தீவின் செமராங்கில் பிறந்தார். அப்போது அது டச்சுக்காரர்கள் ஆண்ட பகுதி. அப்பா டாக்டர்; சீக்கிரமே இறந்துவிட்டார். ஆறு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அம்மா 1870-ல் நெதர்லாந்தின் யூட்ரெக்ட்டுக்குப் போய்விட்டார். அங்கேதான் வில்லெம் டாக்டருக்குப் படித்தார். விளையாட்டுப் பைத்தியம் வேறு. ஒருமுறை விழுந்து மணிக்கட்டு உடைந்தது. சும்மா படுத்துக்கிடக்காமல், முழங்கை மூட்டு எப்படித் திரும்புகிறது என ஆராய ஆரம்பித்துவிட்டார். 25 வயதில் லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்!

இதயத்தில் மின்சாரம் ஓடுவதை லண்டனில் அகஸ்டஸ் வாலர் 1887-லேயே பதிவு செய்து காட்டிவிட்டார். ஆனால், அவருடைய கருவி மந்தமானது. இதயத்தின் வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஐந்தோவன் கணக்குப் போட்டு அந்தக் கோட்டைத் திருத்தினார். திருத்திய கோட்டில் தெரிந்த மேடு பள்ளங்களுக்கு 1895-ல் பி, க்யூ, ஆர், எஸ், டி எனப் பெயர் வைத்தார். இன்றைக்கு உங்கள் ஸ்மார்ட்வாட்ச் காட்டும் ஈ.சி.ஜி-யிலும் அதே எழுத்துகள்தான்.

ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்க முடியுமா? நேரடியாகவே சரியாக வரையும் கருவி வேண்டும். குவார்ட்ஸை உருக்கி, அம்பில் ஒட்டி எய்து, கண்ணுக்கே சரியாகத் தெரியாத இழை ஒன்றை இழுத்தார்கள். அதற்கு வெள்ளி பூசி, பெரிய மின்காந்தத்துக்கு நடுவே தொங்கவிட்டார்கள். இதயத்தின் மின்சாரம் அதில் பாயும்போது இழை அசையும்; அதன் நிழல் படமாகப் பதிவாகும். கருவியின் எடை சுமார் 270 கிலோ. இயக்க ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கைகளையும் ஒரு காலையும் உப்புத் தண்ணீருக்குள் விட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த மூன்று இடங்களை வைத்துத்தான் இன்றும் ஈ.சி.ஜி-யின் முதல் மூன்று பதிவுகள் எடுக்கிறார்கள்.

இத்தனை கனமான மெஷினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது நடக்கிற காரியமா? அதனால் 1905-ல் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆஸ்பத்திரியிலிருந்து டெலிபோன் ஒயர் வழியாகவே நோயாளியின் இதயத்துடிப்பைத் தன் ஆய்வகத்துக்கு வரவழைத்தார். டெலிமெடிசின் ஏதோ நம் காலத்துச் சமாசாரம் என நினைத்தீர்களா? அடுத்த வருடம் அவர் வெளியிட்ட பதிவுகளில் தாறுமாறான துடிப்பும் இருந்தது. அது மேலறை நடுக்கம்தான் என்பதை 1909-ல் லண்டனின் தாமஸ் லூயிஸ் உறுதிசெய்தார்.

குட்டி மேட்டுக்கு வருவோம். அதுதான் பி அலை. மேலறைகளுக்குள் மின்சாரம் பரவும் நேரத்தைக் காட்டுவது. அது வழக்கத்தைவிட நீண்டிருந்தால், மின்சாரம் அங்கே தட்டுத்தடுமாறிப் போகிறது என்று அர்த்தம். அப்படிப்பட்டவருக்கு பை-பாஸுக்குப் பிறகு நடுக்கம் வரும் வாய்ப்பு அதிகம். நிச்சயம் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், யாருக்கு முன்கூட்டியே மருந்து தரலாம் என முடிவெடுக்க உதவும். நடுக்கம் வந்துவிட்டால் பி அலை காணாமலே போய்விடும். அதன் இடத்தில் வெறும் நெளிநெளியான கோடு.

1924-ல் ஐந்தோவனுக்கு நோபல் பரிசு. அமெரிக்காவில் சொற்பொழிவு ஆற்றப் போயிருந்தபோது செய்தி வந்தது. பணத்தைப் பழைய உதவியாளர் வான் டெர் வூர்டுடன் பகிர்ந்துகொள்ள நினைத்துத் தேடியிருக்கிறார். உதவியாளரோ இறந்துவிட்டிருந்தார். அவருடைய இரண்டு சகோதரிகள் ஆதரவற்றோர் இல்லத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து, பரிசுத்தொகையில் பாதியை அவர்களுக்குக் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். மூன்று வருடம் கழித்து, 1927 செப்டம்பர் 29 அன்று, லைடனில் புற்றுநோயால் இறந்தார்.